நாலு பேர்ல மூணாவது

என் ஆயுசுல நான் ஒரே ஒரு தடவ தான் மூணாவதா வந்திருக்கேன். மத்த நேரமெல்லாம் நாலாவது. எங்க கிளாஸ்ல மொத்தமே நாலு பேரு தான். அத முதல்லயே சொல்லிடுறேன், பின்னால யாரும் இவன் ஏமாத்திட்டான்னு சொல்லக்கூடாது.

கேகாலை பக்கம் ஒரு றப்பர் தோட்டம் எங்களுது. எங்களுதுன்னா நாங்க வேல செஞ்ச தோட்டம். தொர கேட்டா கோவிச்சுக்குவாரு. கீழ எங்க லயம், குடும்பத்துக்கு ஒரு காம்பரான்னு வரிசையா கட்டுன வீடுங்க. மேட்டுல ஸ்கூல். ஸ்கூல்னா ஒரு நீட்டு ஹோல், நடுவுல தட்டி வச்சு மறைச்சு ஒண்ணாம் ஆண்டுல இருந்து அஞ்சாம் ஆண்டு வரைக்கும். ரெண்டாம் ஆண்டு புள்ளைங்க பாட்டு படிச்சா நாங்க கணக்க விட்டுட்டு கூட சேந்து படிப்போம். ஒரு டீச்சர், ஒரு சேர். சேர் தான் ஸ்கூல் அதிபர், அவரே தான் மணி அடிக்கிறவரு, மாடு உள்ள வந்தா வெரட்டுறவரும் அவரே.

அஞ்சாம் ஆண்டுல நான், ரெண்டு பொம்பளப் புள்ளைங்க, கங்காணி மகன். அந்த ரெண்டு புள்ளைங்களும் ஒண்ணு, ரெண்டு எடத்த மாத்தி மாத்தி எடுத்துக்குவாங்க. மூணாவது கங்காணி மகன். நாலாவது எடத்துக்கு எனக்கு போட்டியே கெடையாது. அந்த வருஷம் ரெண்டாந் தவணை பரிட்சைக்கு கங்காணி மகனுக்கு கன்னம் ரெண்டும் வீங்கிப்போச்சு. வேப்பிலையோட வீட்டுல கெடந்தான். பரிட்சைக்கு வராதவன நாலாவதா போட்டாங்க. நான் மூணாவது ஆனேன். அவன் கன்னம் வீங்குனதுல எனக்கு வந்த பதவி அது.

எங்கப்பா பால் வெட்டுறவரு. எழுத்து தெரியாது, நம்பர் தெரியும். ஸ்டோர்ல றப்பர் பால் நிறுக்கிறப்ப யாரும் ஏமாத்திடக்கூடாதுன்னு பழகிக்கிட்டது. ரிப்போட் வந்த அன்னைக்கு அத ரெண்டு கையாலயும் புடிச்சு அக்காகிட்ட நீட்டுனாரு. "இதுல இவன் எங்க நிக்கிறான்னு காட்டு." அக்கா வெரல வச்சு காட்டுனா. அப்பா கொஞ்ச நேரம் அந்த மூணயே பாத்துக்கிட்டு நின்னாரு. பொறகு கடைக்கு போயி ஒரு பை டொபி வாங்கிட்டு வந்து லயத்துல எல்லா காம்பராவுக்கும் குடுத்தாரு. கங்காணி வீட்டுக்கும் குடுத்தாரு. கங்காணி மகன் வாயத் தொறக்க முடியாம டொபிய கையில வச்சுக்கிட்டு என்னையப் பாத்தான்.

இப்ப ஒரு விஷயம். எனக்கு வாசிக்கத் தெரியாது. அஞ்சு வருஷம் ஸ்கூலுக்கு ஒழுங்கா போயிட்டு, ஒரு நாள் கூட மட்டம் போடாம, எனக்கு வாசிக்கத் தெரியாது. க-வும் த-வும் ஒரே மாதிரி சட்ட போட்ட அண்ணன் தம்பி மாதிரி தான் எனக்கு. தனியா நின்னா கண்டுபுடிச்சிடுவேன், கூட்டத்துல வந்தா தெரியாது. ஒரு வரிய பாத்துக்கிட்டே இருந்தா எல்லா எழுத்தும் மழைக்கு ஒதுங்குற எறும்பு மாதிரி எடம் மாறிக்கும். ஆனா காது நல்ல காது. ஒரு தடவ கேட்டா பாதி நிக்கும், மூணு தடவ கேட்டா முழுசா நிக்கும்.

இது என் அக்காவுக்கு தெரியும். அவ என்னைய விட அஞ்சு வயசு மூத்தவ. எங்க ஸ்கூல்ல படிச்சு முடிச்சுட்டு டவுன் ஸ்கூலுக்கு பஸ்ல போயிக்கிட்டு இருந்தா. அடுத்த வருஷம் ஓ-லெவல் எழுதணும், பதினோராம் ஆண்டுல வர்ற பெரிய பரிட்சை. நான் மூணாம் ஆண்டு படிக்கிறப்ப ஒரு நாள் அப்பா என் கொப்பிய பொரட்டிப் பாத்தாரு. பாதிக்கு மேல வெறும் தாள். அதுக்கு வாங்குன அடியில நான் அழுதத விட அக்கா தான் அதிகமா அழுதா. அன்னைக்கில இருந்து பொழுது சாயிற நேரம் அடுப்புகிட்ட உக்காந்து என் பாடத்த அவ மூணு தடவ சத்தமா வாசிப்பா. நான் மனப்பாடம் பண்ணிக்குவேன். படத்தப் பாத்தா எனக்கு எந்தப் பாடம்னு தெரியும். படம் இல்லாத பாடத்துக்கு அவளே மூலையில சின்னதா ஒரு படம் கீறி விடுவா. எழுத வேண்டியத அவ எழுதித் தருவா, நான் அத பாத்து கீறுவேன். எழுதுவேன்னு சொல்லல, கீறுவேன்.

சேருக்கும் தெரியும். தெரியாம எப்படி இருக்கும், நாலு பேரு தானே. பரிட்சை அன்னைக்கு சேர் என் பக்கத்துல வந்து நின்னு கேள்விய வாசிப்பாரு. ஒண்ணாவது விடைய வாசிப்பாரு, ரெண்டாவத வாசிப்பாரு. சரியான விடைக்கு வர்றப்ப சேரோட குரல் கொஞ்சம் ஏறும். நான் அஞ்சு வருஷம் படிச்சது அந்தக் குரலத் தான். ரிப்போட்ல கடைசியா ஒரு வரி எழுதுவாரு: முயற்சி செய்தால் முன்னேறலாம். நாலு பேருக்கும் அதே வரி. பரிட்சைக்கே வராத கங்காணி மகனுக்கும் அதே வரி.

இப்படியே போயிருந்தா ஒரு தொல்லையும் இல்ல. அந்த வருஷம் மழையில அம்மா மலையில வழுக்கி விழுந்து இடுப்புல அடிபட்டுக்கிச்சு. படுத்தா எந்திரிக்க முடியல, எந்திரிச்சா படுக்க முடியல. இனி மலைக்கு வேலைக்கு போக ஏலாதுன்னு ஆயிருச்சு. நாலு வாய் சாப்பிடுற வீட்டுல ரெண்டு பேரு செஞ்ச வேல ஒருத்தருக்கு வந்திருச்சு. கொழும்புல வீட்டு வேல செய்ற எங்க அத்தை வந்துச்சு. பக்கத்து பங்களாவுல புள்ளய பாத்துக்க ஒரு ஆள் கேக்கிறாங்க, நல்ல மனுசங்க, அக்காவ அனுப்புங்கன்னு சொல்லிட்டு போயிருச்சு.

எங்க தோட்டத்து ஸ்கூல் அஞ்சோட முடியுது. தை மாசம் நானும் டவுன் ஸ்கூலுக்கு போகணும். ஞாயித்துக்கெழம அப்பா எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சாரு.

"ரெண்டு பேரையும் படிக்க வைக்க என்னால ஏலாது. ஒருத்தர் படிங்க. யாருக்கு படிப்பு ஏறுதோ அவங்க போகட்டும்."

எங்கப்பாவ யாரும் தப்பா நெனக்கக்கூடாது. ஆம்பளப் புள்ள பொம்பளப் புள்ளன்னு அவரு பாக்கல. ரெண்டு ரிப்போட்டையும் எடுத்து பாய்ல பக்கத்துல பக்கத்துல வச்சாரு. நிதானமா பாத்தாரு. எனக்கு மூணு. அக்காவுக்கு பதினொண்ணு.

அக்கா சொன்னா, "அப்பா, எங்க கிளாஸ்ல நாப்பத்தி ரெண்டு பேரு. இவன் கிளாஸ்ல நாலு பேரு."

"நாலு பேருன்னாலும் மூணு மூணு தானே?"

"அதுல ஒருத்தன் பரிட்சைக்கே வரலப்பா."

"வராதது அவன் தப்பு. இவன் போனான்ல." அப்பா கொஞ்சம் யோசிச்சு ஒரு ஞாயம் சொன்னாரு. "ஸ்போட்ஸ் மீட்ல மூணாவது ஓடி வர்றவனுக்கு மெடல் போடுறாங்க. பதினொண்ணாவதா வர்றவனுக்கு என்ன குடுப்பாங்க?"

"குளுக்கோஸ் குடுப்பாங்க" ன்னேன் நான்.

அப்பா சிரிச்சாரு. படுத்துக் கெடந்த அம்மா கூட இடுப்ப புடிச்சுக்கிட்டு சிரிச்சுச்சு. அந்த வீட்டுல அம்மா சிரிச்சு ரொம்ப நாளாச்சு, அதனால எனக்கு பெருமையா இருந்துச்சு. எனக்கு எழுத்து வராது, ஆனா இது வரும். லயத்துல எல்லாருக்கும் தெரியும். ஒரு தடவ கங்காணி வீட்டு வாசல்ல போயி, ஒங்க பசு ரெண்டு கன்னு போட்டிருக்குன்னு சொல்லி அவர பட்டி வரைக்கும் ஓட விட்டவன் நான். அங்க நின்னது காள மாடு.

அக்கா சிரிக்கல. "அப்பா, இவனுக்கு வாசிக்கவே தெரியாது" ன்னா.

அப்பா மொகம் மாறிப்போச்சு. "தம்பி மேல பொறாமப்படாத. அசிங்கமா இருக்கு" ன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு.

அதுக்கு பொறகு அவ அப்பாகிட்ட அதப் பத்தி பேசல. யோசிச்சுப் பாத்தா, அவளால பேச முடியாது. அவ என்ன சொன்னாலும் அவளுக்காக சொல்ற மாதிரி தான் தெரியும். வேற ஒருத்தர் சொல்லணும். அவ சொன்னா பொறாம, சேர் சொன்னா அது உண்ம.

அடுத்த சனிக்கெழம என்னையும் இழுத்துக்கிட்டு சேரோட குவாட்டர்ஸுக்கு போனா. சேர் சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு மோட்டர் சைக்கிள கழுவிக்கிட்டு இருந்தாரு. அக்கா வேலிகிட்டயே நின்னுட்டா. சேர் தான் கூப்பிட்டாரு. "என்ன மக, நல்லா படிக்கிறியா?"

"படிக்கிறேன் சேர்." செருப்பால மண்ண தேச்சா. "சேர், தம்பிய டவுனுக்கு படிக்க அனுப்பலாமான்னு அப்பா யோசிக்கிறாரு. சேர் வந்து ஒரு தடவ பேசணும். இவனப் பத்தி உள்ளத உள்ளபடி சொல்லுங்க சேர்."

சேர் என்னையப் பாத்தாரு. நான் மோட்டர் சைக்கிள் செயின பாத்துக்கிட்டு இருந்தேன். "சேர், செயின் லூசா இருக்கு" ன்னேன்.

"இருக்கட்டும்டா" ன்னாரு. அக்காகிட்ட, "சரி மக, வர்றேன்" ன்னாரு.

இவ்வளவு தான் பேச்சு. அத்தை வந்தத சொல்லல, கொழும்ப சொல்லல, நான் போனா அவ நிக்கணும்னு சொல்லல. அவளப் பத்தி ஒரு வார்த்த அவ வாயில வரல.

திரும்பி வர்ற வழியில என் தோள புடிச்சு நிப்பாட்டுனா. "சேர் வந்து சொல்றப்ப நீயும் சொல்லிரு. எனக்கு வாசிக்கத் தெரியாதுப்பான்னு."

"அப்பா அடிப்பாரே."

"அடிய நான் வாங்கிக்கிறேன். நீ சொல்லு."

எனக்கு இதுல ஒரு நட்டமும் தெரியல. ஸ்கூலுக்கு போகாம இருக்கலாம், அடியும் அவ வாங்கிக்குவா. சரின்னுட்டேன்.

அதுக்கடுத்த சனிக்கெழம விடிய விடிய மழ. மழ பேஞ்சா பால் வெட்டு இல்ல, அப்பா வீட்டுல தான். பதினோரு மணி மாதிரி சேர் கொடைய புடிச்சுக்கிட்டு வந்தாரு. சேர் ஒரு காம்பராவுக்கு வந்துட்டார்னா லயமே வாசல்ல நிக்கும். பக்கத்து காம்பரா மாமா சேர் உக்கார அவரு வீட்டு கதிரைய கொண்டு வந்து போட்டுட்டு அங்கேயே நின்னுக்கிட்டாரு. அம்மாவ செவுத்துல சாச்சு உக்கார வச்சிருந்தாங்க. அக்கா தேத்தண்ணி ஊத்தி கப்புல குடுத்தா. எங்க வீட்டுல கப்பு ஒண்ணு தான், மத்ததெல்லாம் டம்ளர்.

அப்பா நின்னுக்கிட்டே பேசுனாரு. "சேர், எனக்கு எழுத்து வாசன இல்ல. நீங்க சொல்றது தான். இவன் படிப்பானா, மாட்டானா? மறைக்காம சொல்லுங்க."

சேர் தேத்தண்ணிய குடிச்சாரு. கப்ப கீழ வச்சாரு. திரும்பவும் எடுத்து குடிச்சாரு. அதுல தேத்தண்ணி முடிஞ்சு போயிருந்துச்சு, நான் பாத்தேன்.

அக்கா அடுப்பு பக்கம் இருந்து என்னைய பாத்து கண்ண காட்டுனா.

நான் சொன்னேன். சத்தியமா சொன்னேன். எந்திரிச்சு நின்னு, கைய கட்டிக்கிட்டு, "அப்பா, எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க" ன்னு சொன்னேன்.

முதல்ல பக்கத்து காம்பரா மாமா தான் சிரிச்சாரு. "பசு கன்னு போட்டிருச்சாம்" ன்னாரு. வாசல்ல நின்ன எல்லாரும் சிரிச்சாங்க. அப்பாவுக்கு சிரிச்சு கண்ணுல தண்ணியே வந்திருச்சு. "பாத்தீங்களா சேர், டவுனுக்கு போக சோம்பேறித்தனம். என்ன பிளான் போடுறான் பாருங்க. இந்த மூள இவனுக்கு எங்க இருந்து வந்துச்சோ, எங்க வம்சத்துலயே இல்ல."

என் வாழ்க்கையில நான் சொன்ன ஒரே உண்ம, அதுவே எனக்கு மூள இருக்குன்னு சாட்சி சொல்லிருச்சு.

"உண்மையா தான்பா" ன்னேன். அதுக்கு இன்னும் கொஞ்சம் சிரிச்சாங்க.

அப்பா அக்காகிட்ட, "இவன் பொஸ்தகத்த எடு" ன்னாரு. அக்கா எடுத்துக் குடுத்தா. வேணும்னு தான் குடுத்தான்னு நெனக்கிறேன், இப்பயாவது தெரியட்டும்னு. அப்பா நடுவுல ஒரு எடத்துல பிரிச்சு என் கையில வச்சாரு. "வாசி. வாசிக்கத் தெரியாதவன் எப்படி வாசிக்கிறான்னு நாங்களும் பாக்குறோம்."

நான் சும்மா நின்னிருக்கணும். அது தான் வேல. வாய மூடிக்கிட்டு ஒரு அஞ்சு நிமிஷம் நின்னிருந்தா போதும், அத விட லேசான வேல உலகத்துல இல்ல. நானும் சும்மா நிக்கத் தான் நெனச்சேன். ஆனா அந்தப் பக்கத்துல ஒரு வெள்ளப் படம், ஆத்துல தண்ணி பொரண்டு ஓடுது, ஒரு நாய் கூரை மேல உக்காந்திருக்கு. அந்தப் பாடம் எனக்கு தண்ணி பட்ட பாடு. போன கெழம தான் அக்கா மூணு தடவ வாசிச்சா. மழ வேற பெய்யுது, வாசல்ல இருபது பேரு எம் மொகத்தையே பாக்குறாங்க. அம்மா பாக்குது. வாய் தானா தொறந்துக்கிச்சு.

ஆரம்பிச்சேன். அக்கா வாசிக்கிற மாதிரியே, அவ மூச்சு விடுற எடத்துல மூச்சு விட்டு, நாய் கொரைக்கிற எடத்துல குரல மாத்தி. யாரும் அசையல. மழச் சத்தமும் என் சத்தமும் தான். நான் போய்க்கிட்டே இருந்தேன். எவ்வளவு நல்லா போய்க்கிட்டு இருந்தேன்னா, அந்தப் பக்கம் முடிஞ்சு அடுத்த பக்கத்துல பாதி வந்துட்டேன். பொஸ்தகம் என் கையில இன்னும் பழைய பக்கத்துலயே இருக்கு. நாய் கரைக்கு வந்திருச்சு, படத்துல இன்னும் கூரை மேல உக்காந்திருக்கு.

சேர் கதிரையில இருந்து குனிஞ்சு கைய நீட்டி பக்கத்த திருப்பி விட்டாரு.

அவ்வளவு தான். படிப்பிக்கிறவரு புள்ளைக்கு ஒத்தாசையா பக்கம் திருப்பி விடுறாருன்னு தான் அப்பா நெனச்சிருப்பாரு. நானும் தேங்க்ஸ்னு நெனச்சுக்கிட்டு மிச்சத்த முடிச்சேன். அக்கா மட்டும் சேரோட கையவே பாத்துக்கிட்டு நின்னா.

"முயற்சி பண்ணா வருவான்" ன்னாரு சேர். கொடைய எடுத்துக்கிட்டாரு.

அப்பா சேர் கைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாரு.

நான் இப்ப கேகாலையில திரீவீல் ஓட்டுறேன். போன வருஷம் ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு வயசானவரு கை காட்டுனாரு. ஏறி உக்காந்த பொறகு கண்ணாடியில பாக்குறேன், சேர். என்னைய அவருக்கு அடையாளம் தெரியல. "சேர், நான் தான், நாலு பேர்ல மூணாவது" ன்னேன். கொஞ்ச நேரத்துல புடிச்சுக்கிட்டாரு. எத்தன புள்ளைங்க, எங்க இருக்கேன் எல்லாம் கேட்டாரு. பொறகு நான் கேட்டேன், "சேர், அன்னைக்கு ஏன் சேர் அந்தப் பக்கத்த திருப்பி விட்டீங்க?"

சேர் கையில இருந்த மருந்துப் பைய மடியில வச்சுக்கிட்டாரு.

"நான் உள்ளத சொல்லியிருந்தா மறுநாளே உங்கப்பா உன் கையில வாளிய குடுத்து பால் தூக்க அனுப்பியிருப்பாரு. பத்து வயசுப் புள்ள. அத என் வாயால எப்படி சொல்றது?" பொறகு வெளிய பாத்துக்கிட்டு சொன்னாரு. "அதோட, அஞ்சு வருஷம் உனக்கு படிப்பிச்சது நான். உனக்கு எழுத்து தெரியாதுன்னா அது யார் மேல விழும்?"

"அக்காவ நிப்பாட்டிட்டாங்க சேர்."

"பொறகு தான் கேள்விப்பட்டேன். அன்னைக்கு எல்லாரும் கேட்டது உன்னப் பத்தி தானே. அந்தப் புள்ளையப் பத்தி யாரும் என்கிட்ட கேக்கலையே." எறங்குறப்ப திரும்பவும் குனிஞ்சு உள்ள பாத்தாரு. "அவ தான் எங்க ஸ்கூல்ல நல்லா படிச்ச புள்ள" ன்னாரு.

"மீட்டர் ஓடுது சேர்" ன்னேன்.

ஸ்கூல்ல புள்ளைங்களுக்கு உண்மைய சொல்லணுமா வேணாமான்னு இப்ப யாராவது பேசுனா நான் ரெண்டு பக்கமும் தலைய ஆட்டுவேன். ஏன்னா டவுன் ஸ்கூல்ல எனக்கு உண்மைய சொன்னாங்க. முதல் கெழமையே ஒரு டீச்சர் என்னைய எந்திரிக்கச் சொல்லி பொஸ்தகத்த குடுத்துச்சு. புதுப் பொஸ்தகம், வாசிச்சுக் காட்ட அக்கா இல்ல. நான் நின்னேன். அன்னைக்கு நிக்காதத எல்லாம் சேத்து வச்சு நின்னேன். "இவனுக்கு க-னா கூட தெரியல, பெஞ்ச தேய்க்கிறதுக்கு ஒரு ஆள அனுப்பி வச்சிருக்காங்க" ன்னுச்சு. முப்பத்தஞ்சு பேரும் சிரிச்சாங்க, முப்பத்தாறாவதா நானும் சிரிச்சேன். ஆனா அத அப்பாகிட்ட யாரும் சொல்லல. ஒண்ணர வருஷம் கழிச்சு கூப்பிட்டு சொன்னாங்க. அதுக்குள்ள அக்கா கொழும்புல ஒரு புள்ளய நடக்க பழக்கி முடிச்சு ரெண்டாவது புள்ளைக்கு வந்துட்டா. உண்மைய வீட்டுல சொல்லியிருக்கணும், பொய்ய கிளாஸ்ல சொல்லியிருக்கணும். சேரும் டவுன் டீச்சரும் எடம் மாத்தி சொல்லிட்டாங்க. எனக்கு எழுத்து எடம் மாறுற மாதிரி.

அப்பா என்னைய அடிக்கல. வீட்டுக்கு வந்து, "அந்தப் புள்ள அன்னைக்கே சொன்னுச்சு" ன்னாரு. அம்மாகிட்ட சொன்னாரா, அவருக்கே சொல்லிக்கிட்டாரான்னு தெரியல. அக்காவ திருப்பி கூட்டிட்டு வரலாமான்னு அம்மா கேட்டுச்சு. அதுக்குள்ள அவ கூட படிச்சவங்கல்லாம் ஓ-லெவல் எழுதி முடிச்சுட்டாங்க.

அக்கா இப்ப அவிசாவளை பக்கம் கல்யாணம் கட்டி நல்லா தான் இருக்கா. எனக்கு பேங்க்ல இருந்தோ அரசாங்கக் கச்சேரியில இருந்தோ ஒரு கடிதம் வந்தா போன்ல படம் புடிச்சு அவளுக்கு அனுப்பிடுவேன். அவ வாசிச்சு குரலா அனுப்புவா. மூணு தடவ போட்டு கேட்டுக்குவேன். இந்தக் கதையக் கூட நான் போன்ல பேசுறேன், அது தானா எழுதிக்குது. என்ன எழுதுதுன்னு எனக்கு தெரியாது, நீங்க தான் பாத்துக்கணும். அன்னைக்கு நடந்ததப் பத்தி அவ ஒரு நாளும் என்கிட்ட பேசுனதில்ல. நானும் கேட்டதில்ல. கேட்டா ஏதாவது நக்கலா சொல்லித் தொலைச்சிடுவேன்னு பயம்.

அந்த மழ நாளுல சேர் போன பொறகு லயமே எங்க வீட்டுல தான் இருந்துச்சு. அப்பா எல்லாருக்கும் நாய் கரைக்கு வந்த கதைய சொல்லிக்கிட்டு இருந்தாரு. மத்தியானத்துக்கு மேல மழ விட்டுச்சு. அக்கா உள்ள போயி அவ ஸ்கூல் பேக்க எறக்கி வச்சுக்கிட்டு உக்காந்தா. பொஸ்தகங்கள ஒரு பக்கமா அடுக்குனா. பொறகு கொம்பாஸ் பெட்டிய எடுத்தா. தகரப் பெட்டி, வட்டம் போடுற கருவி, முக்கோணம், அடிமட்டம் எல்லாம் ஒண்ணு கொறையாம இருக்கும். அவ வாங்குன நாள்ல இருந்து நான் தொட்டாலே கைய தட்டி விடுவா. அத எடுத்து பாவாட ஓரத்தால தொடச்சு, என்னைய கூப்பிட்டு கையில குடுத்தா.

"எனக்கா?"

"உனக்குத் தான். ஆறாம் ஆண்டுல கேப்பாங்க."

"உனக்கு வேணாமா?"

"நீ வச்சுக்க" ன்னா. என் தலைய ஒரு தடவ தடவி விட்டா.

நான் வெளிய ஓடிப்போயி லயத்துச் செவுத்துல வட்டம் போட ஆரம்பிச்சேன். கை எட்டுற வரைக்கும் போட்டேன், பெருசு, சின்னது, ஒண்ணுக்குள்ள ஒண்ணு. கங்காணி மகன் வந்து ஒரு வட்டம் போடத் தாடான்னு கெஞ்சுனான். குடுக்கல. ஏன்டா உங்கக்கா இத உனக்கு குடுத்துச்சுன்னு கேட்டான். எனக்கு அதுல சந்தேகமே இல்ல. அவ சொன்ன மாதிரியே அத்தன பேரு முன்னால எந்திரிச்சு நின்னு உண்மைய சொன்னேன்ல, அதுக்கு குடுத்த பரிசுடா இதுன்னு சொன்னேன்.